பழைய எம்எக்ஸ்-5: குனிந்து பார்த்தால் போதாது, படுத்துப் பார்த்து வாங்குங்கள்

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது கூரை திறக்கிற அந்தச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் வேறு கார் இருக்கிறதா? இருந்தால் மேலே படியுங்கள். இல்லை, இருக்கப்போவது இந்த ஒரே கார்தான், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் இதில்தான் என்றால் இந்த ஆசையை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். சீட் இரண்டே இரண்டு. டிக்கியில் ஒரு சின்னப் பெட்டியும் ஒரு பையும் போகும், அந்த இடத்திலும் ஸ்பேர் சக்கரமும் பேட்டரியும் ஏற்கெனவே பங்கு போட்டு உட்கார்ந்திருக்கும். அரிசி மூட்டை வாங்கப் போனால் அது பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுத்தான் வீடு வந்து சேரும்.

என்னுடையது 2003-இல் பதிவான 1.8 லிட்டர் கார், ஐந்து கியர். இரண்டாம் தலைமுறையில் 2001-க்கு அப்புறம் வந்த வடிவம், இங்கே பிரிட்டனில் மார்க் 2.5 என்பார்கள். இருப்பது மான்செஸ்டர் பக்கம், அதாவது வருடத்தில் பாதி நாள் மழை, குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டுக்கு வாங்கினேன். அந்தக் காசுக்கு இங்கே கிடைக்கும் மற்ற கார்களைப் பார்த்தால் எல்லாம் வயதான, நான்கு கதவு, சாம்பல் நிற, பேச்சுக்கே எடுக்க முடியாத வண்டிகள்.

இந்தக் கார் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் ஏன் இது இப்படி இருக்கிறது என்று புரியும். 1970களின் கடைசியில் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் போல எளிமையான, மலிவான, கூரை திறக்கிற கார் ஒன்றை நீங்கள் செய்யுங்கள் என்று சொன்னாராம். அந்த வகை பிரிட்டிஷ் கார்களான எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் இரண்டும் 1980-இல் நின்றுபோயின. அவை விட்டுப்போன இடம் காலியாகவே கிடந்தது. 1989 சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா இதைக் காட்டியது. முன்னால் இன்ஜின், பின்சக்கரத்துக்கு சக்தி, நான்கு பக்கமும் ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு கைகள் பிடிக்கிற டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், எடை ஒரு டன்னுக்குக் கீழே. பிரிட்டிஷ்காரர்களின் யோசனைதான், ஆனால் ஆயில் ஒழுகாது, காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமாவில் வெளியே வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான் என்று கின்னஸிலும் இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவனுக்கு இந்தக் கணக்கு வெறும் பெருமை இல்லை. இத்தனை விற்றதால்தான் எந்தப் பாகமும் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது, எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கிறது.

நான்கு தலைமுறை. முதலாவது 1989 முதல் 1997 வரை, விளக்கு மேலே எழும்புகிற வகை. அழகு அதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த அழகுக்கே இப்போது விலை ஏறிவிட்டது. நல்லது வேண்டுமென்றால் ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் இருப்பதைத் தேடலாம், அங்கே இந்த அளவு உப்பைப் பார்க்காமல் வந்த வண்டிகள் அவை. இரண்டாவது 1998 முதல் 2005 வரை: சாதாரண விளக்கு, பின்னால் பிளாஸ்டிக்குக்குப் பதில் கண்ணாடி ஜன்னல், சூடேற்றும் கம்பியோடு. மூன்றாவது 2005 முதல் 2015 வரை, கொஞ்சம் பெரியது, இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், 2.0 லிட்டரும் உண்டு. நான்காவது இப்போது ஓடுவது, எடையை மறுபடி ஒரு டன் பக்கம் இறக்கிவிட்டார்கள். ஓட்டிப் பார்த்தேன், அற்புதம், ஆனால் இந்தக் கட்டுரையின் பட்ஜெட்டுக்குள் அது வராது.

கையில் மூவாயிரம் பவுண்டுக்குள் இருந்தால் என் சிபாரிசு இரண்டாம் தலைமுறை. காரணம் எளிது: முதல் தலைமுறையின் அடிப்படை அப்படியே இருக்கிறது, ஆனால் சேகரிப்பாளர்களின் கண் இன்னும் முழுசாக இதன்மேல் விழவில்லை. அழகு கம்மி என்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்விளக்கு எங்கே தெரியப்போகிறது?

சரி, எப்படி ஓடுகிறது? காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் பிரமாதம் இல்லை. 1.8 இன்ஜினுக்கு 146 குதிரைசக்தி, 60 மைல் வேகம் எட்ட எட்டரை வினாடி பக்கம். இன்றைக்கு ஒரு சாதாரண மின்சாரக் கார் சிக்னலில் இதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், போகட்டும். எடை 1,100 கிலோவுக்குள். அந்த எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கிறது. நீங்கள் உட்காருவது பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஆக 40 மைல் வேகமே 70 போலத் தெரியும். கியர் லீவர் விரல் நீளம்தான் நகரும், ஒவ்வொரு கியரும் டக்கென்று உட்காரும். வாடிக்கையாக நான் அடிக்கடி கியர் மாற்றுகிறவன் இல்லை, இதில் தேவையே இல்லாமல் மூன்றுக்கு இறக்கி மறுபடி நாலுக்கு ஏற்றுகிறேன், சும்மா அந்த உணர்வுக்காக.

மாக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டன் போகும் ஏ537 சாலையை இங்கே கேட் அண்ட் ஃபிடில் என்பார்கள். வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் மேட்டுப் புல்வெளி. வேக வரம்பு 50, சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் வழி நெடுக உண்டு. நண்பர் ஒருவர் 400 குதிரைசக்தி ஜெர்மன் காரில் அங்கே வந்தார், இரண்டாவது கியரிலேயே வரம்பு முடிந்துபோய்விட, மிச்சத் தூரம் முழுக்க அலுத்துக்கொண்டே ஓட்டினார். நான் அதே 50-க்குள் வளைவுக்கு வளைவு பிரேக், கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் என்று கையும் காலும் ஓயாமல் போனேன். லைசன்ஸுக்கு ஆபத்தில்லாமல் காரின் முழுத் திறனையும் பயன்படுத்த முடிவது லேசான காரில்தான். எடை குறைந்தால் பிரேக், டயர், பெட்ரோல் எல்லாமே குறைவாகத் தேயும், செலவாகும் என்பது கூடுதல் லாபம். எனக்கு லிட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கிறது.

மோட்டர்வேயில் கதை வேறு. 70 மைலில் இன்ஜின் 3,500 சுற்று பக்கம் கத்திக்கொண்டிருக்கும், துணிக்கூரையில் காற்று இரையும், லாரியின் சக்கரம் உங்கள் காது உயரத்தில் சுற்றும். லண்டன் வரை போய் இறங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசுவீர்கள். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் வாங்குவதற்கு முன் கூரையை மூடி உட்கார்ந்து பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் இழுக்க முடியாது, சீட்டைத் தள்ளவும் பின்னால் இடமில்லை.

இனி வாங்கும் விஷயம், இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்தக் காரில் இன்ஜின் சாவதில்லை, இரும்புதான் சாகிறது. விளம்பரத்தில் எல்லாரும் ஓடிய மைல் எத்தனை, எத்தனை கை மாறியது, பெயின்ட் பளபளப்பு என்று பார்க்கிறார்கள். 1,20,000 மைல் ஓடி அடிப்பாகம் சுத்தமாக இருக்கும் காரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன், 50,000 மைல் ஓடி அடியில் துரு பிடித்ததைச் சும்மா கொடுத்தாலும் யோசிப்பேன்.

துருவுக்கு மூன்று இடம். முதல் இடம் சில், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, குறிப்பாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் அது முடிகிற மூலை. துரு அங்கே வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, உள்ளிருந்தும் வருகிறது. கூரையில் விழும் மழைத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் துளை வழியாக இறங்கிக் காரின் அடியில் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, சில்லுக்குள் இறங்கி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் தின்னும். அதனால் கார் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கூரையைப் பாதி திறந்து, சீட் பெல்ட் ரீலுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடனே ஒழுகினால் நல்லது. ஒழுகாமல் மேலேயே நின்றால், சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கும். விற்கிறவர் முகம் கொஞ்சம் சுளிக்கும்தான், பரவாயில்லை.

இரண்டாவது இடம்தான் மார்க் 2-க்கும் 2.5-க்கும் எமன். முன்பக்க சேசிஸ் ரெயில், பானெட்டுக்குக் கீழே இருபுறமும் முன்னிருந்து பின்னோக்கி ஓடும் இரண்டு இரும்புப் பெட்டிகள். விபத்தின்போது மடங்குவதற்காக அங்கே இரும்பு இரண்டு அடுக்காக இருக்கிறது, அந்த அடுக்குக்கு நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. பானெட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, டார்ச்சோடு முதுகைத் தரையில் வைத்துப் படுக்க வேண்டும். முன்சக்கரத்தை ஒட்டி அந்த ரெயிலின் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, ஓரத்தில் தகடு ஏடு ஏடாகப் பிரிகிறதா என்று பார்த்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும், கெட்டது டொக்கென்று மழுங்கிய சத்தம் போடும், கூடவே பழுப்புத் தூள் கண்ணில் விழும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய ஒரு பக்கத்துக்குப் பல நூறு பவுண்டு. இரண்டு பக்கமும் என்றால் காரின் விலையில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மூன்றாவது இடம் பின்சக்கர ஆர்ச், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடு, அதை நின்றபடியே பார்க்கலாம், அதனால்தான் எல்லாரும் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

புதிதாக அடித்த கறுப்பு அண்டர்சீலை, அடிப்பாகத்துத் துருத்தடுப்புப் பூச்சை, கண்டால் நான் ஒதுங்கிவிடுவேன். ஒரு டீலரிடம் பார்த்த கார் அப்படித்தான், மேலே மினுமினு பச்சை, அடியில் கல்யாண மேக்கப் மாதிரி தடிமனாகக் கறுப்பு. இது எதற்கு என்று கேட்டதற்கு, எல்லாம் பாதுகாப்புக்காக சார் என்றார். விரல் நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினால் கறுப்புக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் காற்று. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிரிட்டனில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம், காரின் எம்ஓடி வரலாறு. வருடா வருடம் நடக்கும் தகுதிச் சோதனையில் எது தேறவில்லை, எதற்கு எச்சரிக்கை கொடுத்தார்கள், அன்றைக்கு மீட்டர் எவ்வளவு காட்டியது என்று 2005 முதலான விவரத்தை அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும். வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே பாதி கார்களைக் கழித்துவிடலாம். ஒரு வருடம் 'சில்லில் துரு' என்று எச்சரிக்கை, அடுத்த வருடம் அந்த வரியே காணோம் என்றால் இடையில் என்ன செய்தார்கள், வெல்டிங் ரசீது எங்கே என்று கேளுங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருந்தும் இடத்திலிருந்து 30 செ.மீ-க்குள் இரும்பு பலவீனமாக இருந்தால் எம்ஓடியில் தேறாது, இந்தக் காரின் சில் மூலை அப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறது. திருட்டு, கடன் பாக்கி, காப்பீட்டில் கழித்த வண்டியா என்பதற்குத் தனியாகக் காசு கொடுத்து எச்பிஐ என்ற பின்னணிச் சோதனை பார்த்துவிடுங்கள், வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் காரோடு ஒப்பிடுங்கள்.

இயந்திரப் பக்கம் அதிகம் சொல்ல இல்லை. டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு விலையில் குறையுங்கள், வாட்டர் பம்ப்பையும் கூடவே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கிளட்ச் பெடல் தொளதொளவென்று இறங்கி ரிவர்ஸ் விழ அடம்பிடித்தால் பெரும்பாலும் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு, மலிவான பாகம், பேரம் பேச மட்டும் நல்ல காரணம். குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிப்பது சகஜம், சூடான பிறகும் கரகரவென்றால் விட்டுவிடுங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் அதற்கென்று உள்ள, வாயுவை வெளியே விடும் குழாயோடு வரும் வகைதான் போட வேண்டும். யாராவது சாதாரண பேட்டரியைத் திணித்திருந்தால் டிக்கியின் அந்த மூலையில் அமிலம் பட்டுத் துரு இருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள், சஸ்பென்ஷனின் நீளமான போல்ட்கள் உள்ளேயே துருப்பிடித்து இறுகிவிடும். அப்படி ஆனால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரிசெய்ய முடியாது. அலைன்மென்ட் சரியில்லாத எம்எக்ஸ்-5 ஓட்டினால் இதற்கா இத்தனை புகழ் என்று தோன்றும், நிஜமாகவே. சமீபத்திய அலைன்மென்ட் தாள் ஒன்று விற்கிறவரிடம் இருந்தால் அவர் காரைப் பார்த்துக்கொண்டவர் என்று நம்பலாம். எனக்கு விற்றவர் ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்கார ஆசிரியர், கோப்பு நிறைய ரசீது, வடிகால் துளையைக் குத்திவிட வளையும் கம்பி ஒன்றைச் சாவியோடு சேர்த்தே கொடுத்தார். அவரிடம் நான் அதிகம் பேரம் பேசவில்லை.

மாற்று கார்களையும் பார்த்தேன். டொயோட்டா எம்ஆர்2 மூன்றாம் தலைமுறை, இன்ஜின் நடுவில், எடை இதைவிடவும் குறைவு, வளைவில் இன்னும் கூர்மை. ஆனால் டிக்கி என்று ஒன்றே கிடையாது, ஆரம்ப கால இன்ஜின்களில் ஆயில் குடிக்கும் பழக்கமும், புகையைச் சுத்திகரிக்கும் ப்ரீ-கேட் உதிர்ந்து இன்ஜினுக்குள் போகும் பிரச்சினையும் உண்டு. எம்ஜி கம்பெனியின் எம்ஜிஎஃப், டிஎஃப் மலிவு, இன்ஜின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போய்விடும் என்ற பயத்தால்தான் அந்த மலிவு. லோட்டஸ் எலீஸ்? ஆரம்பத்தில் வந்தது 725 கிலோ, கனவு. விலையும் கனவு.

வரி பற்றி: 2001 மார்ச்சுக்கு முன் பதிவான காருக்கு இன்ஜின் அளவை வைத்துச் சாலை வரி, எல்லைக்கோடு 1,549 சிசி. 1.6 இன்ஜின் 1,600-ஐ ஒட்டி இருப்பதால் அந்தச் சலுகை கைக்கெட்டாமல் போகிறது. அதற்குப் பிறகு பதிவானவற்றுக்குப் புகையில் உள்ள கரியமில வாயு அளவுப்படி. எப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு முந்நூறு, நானூறு பவுண்டு என்று போகும், காரின் விலையோடு ஒப்பிட்டால் இது உறுத்தும். லண்டன்காரர்களுக்கு இன்னொரு தலைவலி யூலெஸ், அதிகம் புகைவிடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) பரவிவிட்டது, தகுதியில்லாத கார் எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்டிய பெட்ரோல் கார் என்றால் தப்பிக்கலாம், 2006-க்கு முந்தையவற்றில் சிலது தேறும், சிலது தேறாது, ஆகவே அந்தக் குறிப்பிட்ட நம்பரைப் போட்டுச் சரிபார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பெரிய சத்தம் போடும் சைலன்சர், தரையோடு தரையாக இறக்கிய ஸ்பிரிங், டர்போ எல்லாம் போட்ட கார்கள் விளம்பரத்தில் நிறைய வரும், விலையும் ஆசை காட்டும். மாஸ்டா எஞ்சினியர்கள் எடையைக் கிராம் கிராமாகக் குறைத்து உட்கார்ந்து செதுக்கிய சஸ்பென்ஷனை ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மேம்படுத்திவிட்டார் என்பதை நான் நம்பத் தயாரில்லை. மாற்றம் எதுவும் செய்யாத, போரடிக்கும் அளவுக்குச் சாதாரணமான காரைத் தேடுங்கள்.

நேரம் பார்த்து வாங்குங்கள். ஏப்ரலில் வெயில் எட்டிப் பார்த்ததும் விலை ஏறும், நவம்பர், டிசம்பரில் யாரும் சீந்த மாட்டார்கள். மழை நாளில் போனால் கூரை ஒழுகுகிறதா என்பதும் கையோடு தெரிந்துவிடும். கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாமல் ஐந்நூறு பவுண்டாவது தனியே வைத்திருங்கள்: முதல் வாரமே நல்ல டயர் நான்கு, அலைன்மென்ட், எல்லா ஆயிலும் மாற்றுதல், மிச்சமிருந்தால் சில்லுக்குள்ளும் ரெயிலுக்குள்ளும் துருத்தடுப்பு மெழுகு. பளபளப்பான அலாய் சக்கரம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.